ஸ்டாண்ட்பை சர்வர் ஆர்க்கைவிலிருந்து மீண்டு முடிப்பது எப்படி?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12-ஆம் பதிப்புக்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் உரிய விளக்கம் இது. ஸ்டாண்ட்பை என்பது முதன்மைச் சர்வரான பிரைமரி நின்றால் அதன் இடத்தைப் பிடிக்கும் மாற்றுச் சர்வர். ஆர்க்கைவ் என்பது பிரைமரியின் லாக் கோப்புகளை (தரவு மாற்றங்களின் பதிவுகளை) சேமித்துவைக்கும் இடம். பேஸ் பேக்கப்பை (பிரைமரி தரவின் முழு நகலை) இறக்கி, டேட்டா டைரக்டரியில் ஸ்டாண்ட்பை.சிக்னல் என்னும் வெற்றுக் கோப்பையும் வைத்துவிட்டீர்கள் என்று கொள்கிறேன்.

படி 1: பிரைமரி சர்வர் ஒவ்வொரு லாக் கோப்பையும் முதலில் தற்காலிகப் பெயரில் ஆர்க்கைவுக்கு நகலெடுத்து, முழுதாக எழுதி முடித்த பிறகே உரிய பெயருக்கு மாற்ற வேண்டும்.

படி 2: ரீஸ்டோர்_கமாண்ட், அதாவது ஆர்க்கைவிலிருந்து கோப்பை எடுத்துவரும் கட்டளையைக் குறிக்கும் அமைப்பு. மீட்பு எங்கே முடியும் என்பதைத் தீர்மானிப்பது இதன் எக்சிட் கோடுதான் (கட்டளை முடியும்போது விடையாகத் தரும் எண்). இயல்பாக 16 எம்பி அளவுள்ள ஒவ்வொரு லாக் கோப்பையும் சர்வர் இதன் வழியாகக் கேட்கிறது. விடை 0 என்றால் கோப்பு கிடைத்தது, 1 என்றால் கிடைக்கவில்லை. வழக்கமான நேரங்களில் 1 வந்தால் கேடில்லை, சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கும். ஆனால் புரொமோட் ஆகும் (ஸ்டாண்ட்பை பிரைமரியாக மாறும்) வேளையில் அதே விடையை "ஆர்க்கைவ் இத்துடன் முடிந்தது" என்று கொண்டு டைம்லைன் எனப்படும் புதிய வரலாற்றுக் கிளையைத் தொடங்கிவிடும். சோதனைச் சர்வரில் ஆர்க்கைவை நெட்வொர்க் வழியாக இணைக்கும் என்எஃப்எஸ் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துப் பார்த்தேன்: கோப்பை நகலெடுக்கும் வெறும் சிபி கட்டளை அப்போதும் 1 என்றே சொன்னது, ஆர்க்கைவில் பத்திரமாக இருந்த கோப்புகள் சேராமலேயே சர்வர் திறந்துகொண்டது.

ஆகவே சிபியை நேரடியாக எழுதாமல், சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை வைப்பதையே வலியுறுத்துவேன். ஆர்க்கைவுக்குள்ளேயே ஓர் அடையாளக் கோப்பை வையுங்கள். இணைப்பு அறுந்தாலும் ஆர்க்கைவ் இணையும் மவுண்ட் டைரக்டரி வெறுமையாக நிற்கும் என்பதால் டைரக்டரி இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. அடையாளக் கோப்பு தெரிந்து, கேட்ட கோப்பு மட்டும் இல்லையென்றால் 1. அடையாளமே தெரியாவிட்டால் சில முறை முயன்றபின் 200. எக்சிட் கோட் 125-ஐத் தாண்டினால் போஸ்ட்கிரெஸ் மீட்பைக் கைவிட்டு நின்றுவிடும். வாசிப்புக் குவெரிகளும் அத்துடன் நிற்கும்தான். தரவு சத்தமின்றித் தொலைவதைவிட அது மேல்.

படி 3: பழைய பிரைமரி நின்றுவிட்டதை உறுதிசெய்துகொண்டு பிஜி_புரொமோட்() ஃபங்ஷனை அழையுங்கள். ஆர்க்கைவிலும், ஸ்டாண்ட்பையிலேயே லாக் கோப்புகள் இருக்கும் பிஜி_வால் டைரக்டரியிலும் கைக்கெட்டியதை எல்லாம் சேர்த்த பிறகே ஸ்டாண்ட்பை திறக்கும். பிரைமரியை மறுபடி தொடர்புகொள்ளாது. பிஜி_இஸ்_இன்_ரெகவரி() பொய் என்று விடை தந்தால் மீட்பு முடிந்தது.

பிற்சேர்க்கை: ஹிஸ்டரி கோப்பு (டைம்லைன் கிளைத்த விவரம் கொண்டது) இல்லை என்று சர்வரின் செய்திப் பதிவில் வரும் வரிகள் இயல்பானவை, அடுத்த டைம்லைன் உண்டா என்று சர்வர் தேடுவதன் தடயம் அது. ஒரு கோப்பை வைத்துப் புரொமோட் செய்யவைக்கும் புரொமோட்_டிரிகர்_ஃபைல் அமைப்பு 16-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. பழைய கான்ஃபிக் கோப்பில் அந்த வரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையேல் சர்வர் தொடங்காது.