குதிரை ஏற்றும் வண்டியில் புல் வலை சீக்கிரம் கிழிவது ஏன்?

மேலூர், ஒத்தக்கடை பக்கம் பந்தயக் குதிரை வைத்திருக்கும் பலரும் அதைக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில்தான் ஏற்றிப் போகிறோம். முந்தின நாள் காளை ஏறி இறங்கிய அதே வண்டிதான் மறுநாள் குதிரைக்கும் வரும். மாட்டுக்குத் தீவனம் போடக் கட்டியிருந்த சாக்கையோ தொட்டியையோ அப்படியே விட்டுவிடுகிறோம். தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, நாக்கால் வளைத்து இழுத்துத் தின்னும். குதிரைக்கு மேலேயும் கீழேயும் முன்பல் உண்டு. கவ்விப் பிடித்து, தலையை வெட்டி இழுக்கும். மாட்டிடம் தாக்குப்பிடிக்கிற சாக்கு குதிரையிடம் நாலு பயணம்கூடத் தாங்காது.

சரி, சாக்குக்குப் பதிலாகப் புல்லை அடைத்துத் தொங்கவிடும் வலை வாங்கிவிட்டோம். அடுத்த தவறு அதைத் தாழக் கட்டுவது. சிவகங்கைப் பக்கம் ஒரு பந்தயம் முடிந்து ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் பலகையில் தட் தட்டென்று சத்தம். வண்டியை ஓரங்கட்டி டார்ச் அடித்துப் பார்த்தால், குதிரையின் வலது முன்னங்கால் வலைக்குள் மாட்டியிருக்கிறது. ஏற்றும்போது புல் நிறைந்து உருண்டையாக நெஞ்சு உயரத்தில் நின்ற வலை, பாதி தூரத்தில் காலியாகி முழங்கால்வரை இறங்கிவிட்டது. லாடத்தின் நுனியில் இரண்டு கண்ணி இறுகிக் கிடந்தது. முடிச்சை அவிழ்க்கவே முடியவில்லை, கதிரறுவாளை வைத்து அறுத்தேன். வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வலை போனது போகட்டும், கால் முறியாமல் தப்பியது பெரிய காரியம்.

அன்றிலிருந்து நான் கட்டும் விதமே வேறு. வலையின் வாய்க்கயிற்றை மேல் கம்பியில் போட்டு இழுத்து, நுனியை வலையின் அடிக் கண்ணியில் நுழைத்து, மறுபடி மேலே கொண்டுபோய்க் கட்டுகிறேன். புல் தீர்ந்தாலும் அடிப்பகுதி நெஞ்சுக்குக் கீழே தொங்காது. அதற்காகத் தலைக்கு மேலே ஏற்றிவிடவும் கூடாது. தூசியெல்லாம் கண்ணிலும் மூக்கிலும் விழும். முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி வால் விட்டுப் போட்டது. அந்தக் கயிற்றையும் நேராகக் கம்பியில் கட்டுவதில்லை. கம்பியில் ஒரு சணல் வளையம் போட்டு, அந்த வளையத்தில் கட்டுகிறேன். ஏதாவது மாட்டி இழுத்தால் முதலில் அறுவது சணல்தான். குதிரையும் தப்பும், வலையும் தப்பும்.

கண்மாயில் மீன் பிடித்துக் கழித்த வலையை மடித்துக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த மெல்லிய இழை ஈறை அறுக்கும், லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். விரல் கனம் கயிற்றில் பின்னியது, மூன்று நான்கு விரல் நுழைகிற அளவு கண்ணி, அதுதான் சரி.

குதிரை இறங்கியதும் வலையை வண்டியிலேயே விட்டுவிடுவது எல்லோரும் செய்வது. வலை சாவது பெரும்பாலும் இதனால்தான், குதிரையின் பல்லால் அல்ல. சித்திரை, வைகாசி வெயிலில் வண்டி வெட்டவெளியில் நிற்கும். பிளாஸ்டிக் கயிறு வெயில் பட்டுப் பட்டு முதலில் நிறம் வெளுக்கும், அப்புறம் நார் நாராகப் பிரியும், கடைசியில் விரலில் தேய்த்தால் பொடியாக உதிரும். காலி வண்டி ஓடும்போது காற்றில் அடித்து, கம்பியில் உரசித் தேய்வது தனி. உரசுகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி வையுங்கள். அவிழ்த்த வலையை உதறி, வெறும் தண்ணீரில் அலசி, வேப்பமர நிழலில் உலர்த்தி உள்ளே மாட்டுங்கள். பருத்திக் கயிறு என்றால் ஈரத்தோடு சுருட்டவே கூடாது, உள்ளுக்குள்ளேயே இற்றுவிடும்.

தூசி அடங்கப் புல்லில் தண்ணீர் தெளிப்பது நல்லதுதான். அதில் வெல்லத்தண்ணீர் கலப்பதுதான் கெடுதல். இனிப்பு கயிற்றில் ஏறினால் குதிரை புல்லை விட்டுக் கயிற்றைக் கடிக்கும். வீட்டில் மாட்டி வைத்தால் எலி மிச்சத்தை முடிக்கும். நனைத்த புல் மிஞ்சினால் அன்றைக்கே கொட்டிவிடுங்கள். நம் ஊர் சூட்டில் மறுநாள் புளித்த வாடை வந்துவிடும், பூஞ்சை பிடித்ததைக் குதிரைக்குக் கொடுக்கவே கூடாது. ஓடுகிற வண்டியில் ஊறவைத்த கொள்ளும் வேண்டாம், புல் போதும்.

நீல டிரம்மை அறுத்துத் தொட்டி வைப்பவர்களுக்கு: முதலில் அதில் என்ன வந்தது என்று கேளுங்கள், ரசாயனம் வந்த டிரம் என்றால் தொடாதீர்கள். அறுக்கும்போது மூலைகளில் முதலில் வட்டமாகத் துளை போட்டு, அந்தத் துளைவரை அறுத்தால் விரிசல் ஓடாது. கூர் மூலையாக அறுத்தால் அங்கிருந்துதான் கிழியும். போல்ட் துளை போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், வெயிலில் பிளாஸ்டிக் விரிய இடம் வேண்டும். அகலமான வாஷர் போடுங்கள். விளிம்பில் நீளவாக்கில் கிழித்த ஹோஸ் பைப்பைச் செருகிவிட்டால் வாயும் கிழியாது, தொட்டியும் கடிபடாது. அடியில் இரண்டு சின்னத் துளை போட்டால் தண்ணீர் தேங்காது.

இரும்புத் தொட்டியும் கம்பியும் துருப்பிடிக்க மழை வேண்டியதில்லை, குதிரை மூத்திரமே போதும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவிவிடுங்கள். வெல்டிங் பிசிறை அரத்தால் தேய்த்த பிறகுதான் ரெட் ஆக்சைடு என்கிற துருத்தடுப்பு பெயிண்ட் அடிக்க வேண்டும். பிசிறு மேலேயே பெயிண்ட் அடித்துத் தந்த ஒரு பட்டறையால் என் குதிரையின் உதடு கிழிந்தது. இப்போது கையால் ஒருமுறை தடவிப் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை.

வலையில் ஒரு கண்ணி அறுந்தால் அன்றைக்கே முடிச்சுப் போட்டுவிடுங்கள். விட்டால் குதிரை அந்த ஓட்டைக்குள்தான் மூக்கை விட்டு இழுக்கும், ஒன்று மூன்றாகும். கயிறு பொடியாக உதிர ஆரம்பித்த வலையை மட்டும் முடிச்சுப் போட்டுப் பயனில்லை, கழித்துவிடுங்கள். கழித்ததைக் கொட்டகைக்கு வெளியே எறியாமல் கட்டி எங்காவது மேலே வையுங்கள், தீவன வாடைக்கு மாடு அதைத் தின்றுவிடும்.