“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள்: பொறியியல் வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளநிலைப் பொறியியல் வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி “புரிஞ்சுதா?” என்பது. தலைகள் ஆடும், ஆசிரியர் அடுத்த தலைப்புக்குப் போவார், விடைத்தாள் திருத்தும்போதுதான் குட்டு உடையும்.

அதற்குப் பதில் ஒரு கணக்கைக் கொடுங்கள். கிடைமட்டத் தரையில் 5 கிலோ கட்டை, நிலை உராய்வுக் குணகம் (அசையாத கட்டையைத் தரை அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கும் என்பதைக் கணக்கிடும் எண்) 0.5. பக்கவாட்டில் 10 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம், கட்டை அசையவில்லை. உராய்வு விசை எவ்வளவு? பலர் 0.5 × 5 × 9.8 என்று பெருக்கி 24.5 நியூட்டன் என்பார்கள். சரியான விடை 10. உராய்வு எட்டக்கூடிய உச்சவரம்புதான் 24.5, இப்போதே அவ்வளவு இருந்தால், தள்ளுகிறவர் பக்கமே கட்டை நகர்ந்து வரவேண்டும்! சூத்திரம் மனப்பாடம், அது எங்கே பொருந்தும் என்பதுதான் தெரியவில்லை. முதலில் தனியாக யோசிக்க விடுங்கள். கையைத் தூக்கி விடை சொன்னபின், பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு மறுபடி கேளுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை இது.

கரும்பலகையில் கணக்கைப் பிசிறில்லாமல் போட்டுக் காட்டுவது இன்னொரு தவறு. எந்த அனுமானத்தை ஏன் எடுத்தோம், எந்த வழியை ஏன் விட்டோம் என்பதெல்லாம் ஆசிரியரின் தலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தடுமாறும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த கணக்கில் பாதியை மாணவர்கள் முடிக்கட்டும்.

இப்படி நடத்தினால் முணுமுணுப்பு வரும். “சார் பாடமே நடத்துறதில்ல” என்பார்கள். அதைக் கேட்டுப் பழைய பாணிக்கே திரும்புவதுதான், என் பார்வையில், இருப்பதிலேயே பெரிய தவறு. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான பகுப்பாய்வில், விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சராசரியாக 33.8 சதவீதத்தினர் தோற்றார்கள். தாங்களே செய்து கற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம். ஹார்வர்டில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. தாமே செய்து பார்த்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். மூளை திணறுவதை “புரியவில்லை” என்று எடுத்துக்கொள்கிறோம். பருவத்தின் முதல் வாரத்திலேயே இதை மாணவர்களிடம் சொல்லிவிட்டால் முணுமுணுப்பு குறையும்.

‘காட்சிவழி கற்பவர்’, ‘செவிவழி கற்பவர்’ என்று மாணவரைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்துவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்த நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.

முதல் தேர்வைப் பருவத்தின் நடுவில் வைப்பதும் தாமதம்தான். இரண்டாவது வாரத்திலேயே பத்து நிமிடச் சிறுதேர்வு ஒன்று வையுங்கள், மதிப்பெண் பெயரளவுக்கு இருந்தால் போதும். தாளை மறுவகுப்பிலேயே திருப்பிக் கொடுங்கள். மூன்று வாரம் கழித்து வரும் சிவப்பு மைக் குறிப்பை யாரும் படிப்பதில்லை, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள்.