தஞ்சாவூரில் ஜியோகேச்சிங்: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு, ஒரு தண்ணீர்ப் பாதையோடு

அய்யன்குளத்துக் கரையில் நின்று போனையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றபடியே, “என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?” என்று கேட்டார். சிவகங்கைக் குளத்துத் தண்ணீர் இங்கே வந்த வழியைத் தேடுகிறேன் என்றேன். “அது தரைக்கடியில வர்ற தண்ணியாச்சே, எங்க மாமனார் சொல்லுவாரு” என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் பேசினார். பிறந்த ஊர்தான், ஆனாலும் போனில் ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டு நடந்த பிறகுதான் அந்தக் கரைக்கே நான் வந்து சேர்ந்தேன்.

ஜியோகேச்சிங் என்றால், ஒருவர் ஓரிடத்தில் டப்பாவை ஒளித்துவைத்து அதன் ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப்போய், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவார்கள். ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்துக் காட்டோரம் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை வைத்தார். அங்கிருந்துதான் இது தொடங்கியது.

டெல்டாவில் டப்பாக்கள் குறைவு. அதனால் டப்பாவே இல்லாத பாதையோடு தொடங்குங்கள் என்றுதான் புதியவர்களுக்குச் சொல்வேன். ஒவ்வோர் இடத்திலும், அங்கே போய் நின்றால் மட்டுமே விடை தெரிகிற ஒரு கேள்வி. அந்த விடையில் வரும் எண்தான் அடுத்த இடத்தின் ஆயத்தொலைவில் சேரும்.

படி 1: செயலி

ஆண்ட்ராய்டு என்றால் சி:ஜியோ. இலவசம், திறந்த மூலம், ஆயத்தொலைவை எந்த வடிவில் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும். ஐபோனுக்கு அது கிடையாது, அதிகாரபூர்வச் செயலிதான். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். தனி ஜிபிஎஸ் கருவி வாங்கத் தேவையில்லை. வெளிநாட்டு நண்பர் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அனுமதியில்லாமல் அதை இங்கே வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

படி 2: எண்ணைப் படிப்பது

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இதுதான். வல்லத்தில் ஹாஸ்டலில் இருக்கும் அக்கா மகனுக்காக முதல் பாதையைப் போட்டேன். இடத்தின் பெயர் தெரியக் கூடாது என்று எண்ணை மட்டும் அனுப்பினேன். காலையில் பைக்கில் கிளம்பியவன் ஒரு மணி நேரம் கழித்துப் போன் செய்தான். “மாமா, இங்க தைலமரக் காடுதான் இருக்கு.” நான் அனுப்பியது பெரிய கோயிலுக்கான எண். அவன் நின்றது புதுக்கோட்டை மாவட்டத்தில், கறம்பக்குடிப் பக்கம்.

என்ன நடந்தது? பெரிய கோயிலின் அட்சரேகையை கூகுள் மேப் 10.7828 என்று காட்டும். இது தசமப் பாகை. ஜியோகேச்சிங்கில் வழக்கம் வேறு: பாகை, அதன்பின் தசம நிமிடம். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்க வேண்டும். 0.7828 × 60 = 46.968. ஆக, வடக்கு 10° 46.968'. தீர்க்கரேகை 79.1318 என்றால் 0.1318 × 60 = 7.908. அதை கிழக்கு 79° 07.908' என்று எழுத வேண்டும்.

நான் அவசரத்தில் பாகைக் குறியையும் இடைவெளியையும் விட்டுவிட்டு 10.46968, 79.07908 என்று அனுப்பியிருந்தேன். போன் அதைத் தசமப் பாகையாகவே எடுத்துக்கொண்டது. விளைவு, 35 கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. பயல் பாவம், வெயிலில் திரும்பி வந்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். புதிய எண் எதுவானாலும் முதலில் வரைபடத்தில் போட்டு, ஊருக்குள்தான் விழுகிறதா என்று பார்ப்பேன். நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் நிலத்தில் 2 மீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும், அது பரவாயில்லை. பாகைக்குப் பக்கத்தில் பிழை வந்தால் மாவட்டமே மாறிவிடும்.

படி 3: பாதை

நான் நடக்கிற பாதை நாயக்கர் காலத்துத் தண்ணீர்ப் பாதை. பெரிய கோயிலுக்கு மேற்கே சேவப்பநாயக்கன் ஏரி. அங்கே தேங்கும் மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து நிலத்தடிக் குழாய் வழியாக நகருக்குள் இருக்கும் அய்யன்குளம், சாமந்தான் குளம் ஆகியவற்றுக்குப் போனது. ஜலசூத்திரம் என்று அதற்குப் பெயர். மேலவீதியில் வண்டியில் போகிறபோது காலுக்குக் கீழே இப்படி ஒன்று இருப்பது யாருக்குத் தெரியும்? நடந்து பார்த்தால்தான் தரை எந்தப் பக்கம் சரிகிறது, தண்ணீர் ஏன் இந்த வழியை எடுத்தது என்பது புரியும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் போங்கள், குளங்களில் தண்ணீர் நிற்கும்.

சிவகங்கைப் பூங்காவுக்குள் போனால், 1779-இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். மரணப்படுக்கையில் இருக்கும் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் பக்கத்தில் சரபோஜி மன்னர் நிற்பதை ஜான் ஃப்ளாக்ஸ்மன் பளிங்கில் செதுக்கியிருக்கிறார்.

பெரிய கோயிலில் எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். சுற்று மாளிகையின் தென்மேற்குப் பக்கச் சுவரில் 1803-இல் மராட்டியில் வெட்டிய போன்ஸ்லே வம்ச வரலாறு இருக்கிறது. சோழன் கட்டிய கோயிலில் மராட்டியர் தங்கள் குடும்பக் கதையை எழுதிவைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நிற்க இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள்.

பாதையை கீழவாசல் பீரங்கி மேட்டில் முடிப்பேன். ராஜகோபால பீரங்கி ஏறக்குறைய 25 அடி நீளம். வார்த்ததில்லை, இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையம் வளையமாகப் பழுக்கக் காய்ச்சி அடித்து இறுக்கியது. கிட்டப்போய்ப் பக்கவாட்டில் பாருங்கள், வளையமும் வளையமும் சேரும் இடத்தில் மெல்லிய வரம்பு தெரியும். மாலை வெயில் சாய்வாக விழும்போது இன்னும் நன்றாகத் தெரியும். என் கேள்வியே அந்த வரம்பைப் பற்றியதுதான். படத்தைப் பார்த்து விடை சொல்ல முடியாது.

கேள்வி அமைக்கும்போது, விடைகளின் இலக்கங்களைக் கூட்டினால் என்ன வரும் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். தப்பாக எண்ணியவர் அங்கேயே கண்டுகொள்வார்.

படி 4: தேடும் முறை

இலக்குக்கு 10 மீட்டர் இருக்கும்போது போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுங்கள். குறுகலான தெருவில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பும். அம்புக்குறி இங்கும் அங்கும் ஆடும். அதன் பின்னால் ஓடக் கூடாது, கண்ணால் தேட வேண்டும்.

யாருக்கும் தெரியாமல் தேடு என்று மேல்நாட்டுக் கையேடுகள் சொல்லும். நம் ஊருக்கு அது சரிப்படாது. கோயில் மதிலோரம் குனிந்து துழாவுகிறவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். முதலில் பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடித்து, என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பாதி வரலாறு அங்கேயே கிடைக்கும்.

படி 5: சொந்தமாக டப்பா வைப்பதென்றால்

இடத்துக்கு உரியவரிடம் அனுமதி கேட்டு வையுங்கள். மண்ணில் புதைக்கக் கூடாது. இன்னொரு டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தொல்லியல் துறையின் நீலப் பலகை உள்ள இடத்தில் டப்பா என்ற பேச்சே வேண்டாம். கல் இடுக்கில் செருகப்படும் எதுவும் அந்தக் கல்லுக்குக் கேடுதான். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள டப்பாதான் நம் மழைக்குத் தாங்கும். சாதாரண மாத்திரை டப்பாவில் ஒரே மாதத்தில் தாள் ஊறிப்போய், எறும்பு முட்டையிட்டிருந்தது. பேனாவைவிடப் பென்சில் நல்லது, ஈரத்தாளிலும் எழுதும்.

பிற்சேர்க்கை 1: கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் போனில் எண் 10° 46' 58.1" என்று வந்ததாம். இது பாகை, நிமிடம், விநாடி. விநாடியை 60-ஆல் வகுத்து நிமிடத்தோடு கூட்டுங்கள்: 58.1 ÷ 60 = 0.968. அதே 46.968 வந்துவிடும். ஒரே இடத்துக்கு மூன்று எழுத்துமுறை, அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை 2: பெரிய கோயிலில் மராட்டிக் கல்வெட்டுப் பக்கம் நிற்கும்போது அம்புக்குறி பிரகாரத்தின் நடுவே போய் நிற்பதாக இருவர் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன், மாளிகைக் கூரைக்கு அடியில் அப்படித்தான் துள்ளுகிறது. பாதையில் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஆயத்தொலைவை எடுத்துவிட்டு, தென்மேற்கு மூலையிலிருந்து தூண்களை எண்ணிக்கொண்டு வரும்படி குறிப்பை மாற்றியிருக்கிறேன்.