உடல் பற்றிய மனக்குறை: மாணவரிடமும் மாணவியரிடமும் அளப்பது எப்படி

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் எளிதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: "பெண்களுக்குத்தான் மனக்குறை, ஆண்களுக்கு இல்லை" என்ற முடிவு. பல வேளை அது கணக்கு செய்த கோளாறு.

வழக்கமான கருவி அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டங்கார்டும் கூட்டாளிகளும் 1983இல் வெளியிட்ட உருவ வரிசை. மிக மெலிந்ததிலிருந்து மிகப் பருத்தது வரை ஒவ்வொரு பாலுக்கும் 9 படங்கள். இப்போதைய உடம்பு எது, விரும்பும் உடம்பு எது என்று கேட்டு, முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். ஒரு பொடியன் 6இல் இருந்து 4ஐ விரும்பினால் +2. இன்னொருவன் 3இல் இருந்து 5ஐ விரும்பினால் −2. இருவருக்கும் மனக்குறை இருக்கிறது, ஆனால் சராசரி பூச்சியம்! மாணவியரில் பெரும்பாலோர் மெலியவே விரும்புவதால் அவர்களுடைய எண்கள் இப்படி அடிபட்டுப் போவதில்லை. ஆகவே சராசரியோடு நிறுத்தாமல் மெலிய விரும்புவோர், பருக்க விரும்புவோர், மாற்றம் வேண்டாதோர் என மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். குறியை நீக்கிய சராசரியையும் தனியே கொடுங்கள்.

இந்தப் படங்களில் தசையும் கொழுப்பும் வேறாகத் தெரியாது. ஜிம்முக்குப் போகும் பொடியன்களின் ஏக்கத்தைப் பிடிக்க, ஆய்வாளர்கள் மெக்ரீரியும் சாஸும் 2000இல் வெளியிட்ட, தசையைக் கூட்டும் ஆசையை அளக்கும், 15 கூற்றுகள் கொண்ட தசை நாட்ட அளவையைச் சேர்க்கலாம். தோல் நிறத்தைப் பற்றி இரண்டும் கேட்பதில்லை. நம் ஊரில் அதை விட்டுவிட்டால் பாதி விஷயம் போய்விடும். தனிக் கேள்விகள் வையுங்கள்.

நிறையை வாயால் கேட்காமல் அளந்து எடுங்கள். தராசு பாயில் அல்ல, சீமெந்துத் தரையில் இருக்கட்டும். செருப்பையும் பையையும் கழற்றச் சொல்லுங்கள். மாணவியரை ஒரு பெண், மறைவான அறையில் அளக்க வேண்டும். எண்ணை வாய்விட்டு வாசிக்கக் கூடாது. கிலோகிராம் நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் உடற்திணிவுச் சுட்டியில் (BMI) ஆசியர்களுக்கு 23இலிருந்தே உடல்நல ஆபத்து கூடுகிறது. 25 என்ற எல்லையை மட்டும் பார்க்க வேண்டாம்.

நோன்பு மாதத்திலும் கந்தசஷ்டி விரத நாட்களிலும் தகவல் திரட்டாதீர்கள். உணவு பற்றிய பதில்கள் விரதத்தையே காட்டும். விடுதி அறையில் கூட்டாளிகள் சூழ வினாக்கொத்தை நிரப்ப விடுவதும் கூடாது. பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்த்தால் உண்மை வராது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகே தொடங்குங்கள். சாப்பிட்டதை வலிந்து வாந்தி எடுப்பதாக எவராவது சொன்னால் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு அனுப்புங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐ எல்லாத் தாளிலும் அச்சிடுங்கள்.