டிவிடியில் மங்கிய திருமணப் படங்கள்

கோபிச்செட்டிபாளையத்தில் நடந்த எங்கள் வீட்டுத் திருமணப் படங்களைப் பாட்டுடன் டிவிடியில் பதிந்து ஓட்டியபோது, கணினியில் துல்லியமாக இருந்த, கொங்குத் திருமணச் சடங்கான இணைச்சீர்ப் படத்தில் முகங்கள் மங்கி, சேலையின் சரிகைக் கோடுகள் ஓயாமல் நடுங்கின. வட்டை மாற்றியும் பயனில்லை. டிவிடி வீடியோவின் PAL (பால்) எனும் தொலைக்காட்சிப் பட முறையில் ஒரு சட்டகத்துக்கு (ஃபிரேம்) 720×576 புள்ளிகளே உண்டு என்பதால், 12 மெகாபிக்சல் படமும் ஏறத்தாழ நான்கு லட்சம் புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. மென்பொருள் தானாகத் தேர்ந்திருந்த தரத்தை விட்டுவிட்டு, ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் தரவின் அளவான பிட் வேகத்தை நொடிக்கு 8 மெகாபிட்டாக உயர்த்தி, 4.7 ஜிபி வட்டில் அடங்குமாறு தொகுப்பை ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்தி, நடுக்கம் குறைக்கும் வடிகட்டியையும் இயக்கினேன். சரிகை அடங்கியது, கூர்மை ஓரளவே கூடியது. அகலத்திரை தொலைக்காட்சி வாங்கியிருக்கும் பெரியப்பாவுக்கு அதையே 1920×1080 அளவில் எம்பி4 கோப்பாக்கிப் பென்டிரைவில் கொடுத்தேன். அதில் மாலையின் ஒவ்வொரு இதழும் தெரிகிறது.