ஒரே மென்பொருள், மூன்று இயங்குதளம்: மெனுவும் ஷார்ட்கட்டும் அமைப்பது எப்படி

கோயம்புத்தூரில் உட்கார்ந்து பதினாலு வருடமாக ஒரே மென்பொருளைத்தான் தட்டிக்கொட்டிக்கொண்டிருக்கிறேன். தமிழ்ப் பிரதிகளுக்கு மெய்ப்பு பார்க்கிற எடிட்டர். விண்டோஸில் பிறந்தது. பிறகு ஒரு பதிப்பாளர் மேக் வாங்கினார். அடுத்த வருடம் ஒரு கல்லூரி ஆசிரியர், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் ஓடுமா என்று கேட்டார். பல இயங்குதளங்களுக்கும் பொதுவான நிரல் நூலகமான க்யூட்டில் (Qt) எழுதியதுதானே, மறுபடி கம்பைல் செய்தால் முடிந்தது என்று நினைத்தேன். கம்பைல் என்னவோ ஆனது.

பதிப்பகத்தில் அதை ஓட்டுகிற டிடிபி அக்கா மவுஸைத் தொடவே மாட்டார். மேக்குக்கு மாறிய முதல் நாள், கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். அவர் 'தேடி மாற்று'வுக்காக கமாண்ட்+எச் அழுத்தியிருக்கிறார். ஜன்னல் முழுக்க மறைந்துவிட்டது. "தம்பி, காலையிலிருந்து பார்த்த வேலை போச்சு" என்று போன். எதுவும் போகவில்லை. மேக்கில் கமாண்ட்+எச் என்றால் மென்பொருளை ஒளித்து வை என்று அர்த்தம். மேக்கின் ஐகான் வரிசையான டாக்கில் அதன் ஐகானைச் சொடுக்கியதும் எல்லாம் திரும்பி வந்தது. ஆனால் அன்று முழுக்க அவர் என்னை நம்பவில்லை.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கிற முறை இது.

முதலில் விசைகளை மறந்துவிட்டு, கட்டளைகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, உட்கார்ந்து வேலை செய்பவர் ஒரு மணி நேரத்தில் அதை எத்தனை முறை தொடுகிறார் என்று குறியுங்கள். ஊகிக்காதீர்கள், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுங்கள். என்னிடம் எழுபத்துநாலு கட்டளைகள் இருந்தன. ஷார்ட்கட் தேவைப்பட்டது பத்தொன்பதுக்குத்தான். மீதி மெனுவிலேயே கிடக்கட்டும். அக்கா நாளுக்கு நூறு முறை செய்கிற 'ஒற்று மிகுமா' சோதனைக்கு நான் விசையே வைக்கவில்லை என்பது அந்தத் தாளில்தான் தெரிந்தது.

எது எங்கே குடியிருக்கிறது

விண்டோஸில் 'வெளியேறு' கோப்பு மெனுவின் அடியில் இருக்கும். 'பற்றி' உதவி மெனுவில். அமைப்புகள் பெரும்பாலும் கருவிகள் மெனுவில். மேக்கில் இந்த மூன்றும் ஒரே இடத்தில்: ஆப்பிள் சின்னத்தை அடுத்து, மென்பொருளின் பெயரையே தலைப்பாகக் கொண்ட மெனுவில். உபுண்டுவின் திரைச் சூழலான க்னோமுக்கென்று எழுதிய மென்பொருள்களில் மெனுப் பட்டையே இருக்காது. ஜன்னலின் மேல் மூலையில் மூன்று கோடு போட்ட பொத்தானுக்குள் எல்லாம் சுருண்டிருக்கும். நான் லினக்ஸில் மெனுப் பட்டையை எடுக்கவில்லை. எழுபத்துநாலு கட்டளைகளை ஒரு பொத்தானுக்குள் திணித்தால் கண்டுபிடிக்க ஆள் வைக்க வேண்டும்.

மேக்கின் மெனுப் பட்டை திரையின் உச்சி விளிம்பில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. சுட்டியை மேலே வீசினால் விளிம்பில் முட்டி நின்றுவிடும், குறி தப்பாது. இலக்கு எவ்வளவு பெரிதோ, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தொடலாம் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-ல் வகுத்த விதியின்படி, விளிம்பில் இருப்பது முடிவில்லா உயரம் கொண்ட இலக்கு. அதனால் மேக்கில் ஜன்னலுக்குள் இன்னொரு மெனுப் பட்டை வரைகிற வேலை வேண்டாம்.

க்யூட்டில் எழுதுபவர்கள் இங்கே ஒரு குழியில் விழுவார்கள். நானும் விழுந்தேன். மேக்கில் க்யூட், மெனுவில் உள்ள ஆங்கில வார்த்தைகளைப் படித்துப் பார்த்துத் தானாகவே இடம் மாற்றும். பெயரில் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'அபவுட்' மாதிரி ஏதாவது இருந்தால், அது மென்பொருள் மெனுவுக்குப் போக வேண்டியது என்று முடிவுகட்டித் தூக்கிக்கொண்டு போய்விடும். என் கருவிகள் மெனுவில் 'ஃபாண்ட் செட்டிங்ஸ்' என்று ஒன்று இருந்தது. மேக்கில் அதைக் காணோம். அரை நாள் தேடினேன். ஒரு வாரம் கழித்து இடைமுகத்தைத் தமிழாக்கினேன், இப்போது தலைகீழ்: 'அமைப்புகள்' என்ற சொல் க்யூட்டுக்குப் புரியவில்லை, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் கருவிகளிலேயே நின்றது. மருந்து எளிது. ஒவ்வொரு கட்டளைக்கும், அது எந்த வகை என்று க்யூட்டுக்குச் சொல்கிற மெனுப் பங்கை (menu role) நீங்களே வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். பற்றி, அமைப்புகள், வெளியேறு மூன்றுக்கும் அதனதன் பங்கு. மற்ற எல்லாவற்றுக்கும் 'பங்கு இல்லை'. ஊகிக்கிற வேலையை நூலகத்திடம் விடாதீர்கள்.

இன்னொன்று. விண்டோஸில் கடைசி ஜன்னலை மூடினால் மென்பொருளும் மூடும். மேக்கில் ஆவணம் திருத்துகிற மென்பொருள் அப்படி மூடக் கூடாது. கமாண்ட்+டபிள்யூ ஜன்னலுக்கு, கமாண்ட்+கியூ மென்பொருளுக்கு. 

விசையை எங்கிருந்து எடுப்பது

சேமி, திற, அச்சிடு, வெட்டு, ஒட்டு போன்றவற்றுக்கு விசையை நீங்கள் எழுதவே கூடாது. 'சேமிப்பதற்கு இந்த இயங்குதளத்தில் என்ன வழக்கமோ அது' என்று நூலகத்திடம் கேளுங்கள். க்யூட்டில் அதற்கென்று நிலையான விசைப் பட்டியல் இருக்கிறது, வலை நிரலை மேசைக்கணினி மென்பொருளாக்கும் எலக்ட்ரானில் 'ரோல்' இருக்கிறது. 'மறுபடி செய்' ஒன்றைப் பாருங்கள்: விண்டோஸில் கண்ட்ரோல்+ஒய், மேக்கில் கமாண்ட்+ஷிஃப்ட்+இசட், க்னோமில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+இசட். 'தேடி மாற்று' விண்டோஸில் கண்ட்ரோல்+எச். மேக்கில் ஆப்பிளின் டெக்ஸ்ட்எடிட்டில் இருப்பதுபோல ஆப்ஷன்+கமாண்ட்+எஃப் வைத்தேன், அக்காவின் போன் நின்றது. அமைப்புகளுக்கு மேக்கில் கமாண்ட்+கமா. 2022-ல் வந்த மேக் இயங்குதளப் பதிப்பான வென்ச்சுராவில் ஆப்பிள் 'ப்ரிஃபரன்ஸஸ்' என்ற பெயரை 'செட்டிங்ஸ்' என்று மாற்றியது. கமாவில் கை வைக்கவில்லை. பெயரைக் கண் புதிதாகப் படித்துக்கொள்ளும். விரல் அப்படிப் படிக்காது.

உங்கள் மென்பொருளுக்கே உரிய கட்டளைகளுக்குத்தான் சொந்த விசை. அங்கே கண்ட்ரோலைக் கமாண்டாக்கினால் போதும் என்ற கணக்கு உதவாது. விண்டோஸில் எழுத்துப்பிழைச் சோதனைக்கு எஃப்7 வைத்திருந்தேன். மேக் மடிக்கணினியில் எஃப்7-ஐ அழுத்தினால் முந்தைய பாட்டுக்குப் போகும். அங்கே கமாண்ட்+அரைப்புள்ளிதான் பழக்கம்.

பாதி தட்டிய சொல்லை முடித்துத் தருகிற சொல் நிரப்பலுக்கு கண்ட்ரோல்+ஸ்பேஸ் வைத்தது இதைவிட மோசம். மேக்கில் க்யூட், கண்ட்ரோல் என்று நீங்கள் எழுதியதைக் கமாண்ட் என்று எடுத்துக்கொள்ளும். கமாண்ட்+ஸ்பேஸ் அழுத்தினால் மேக்கின் தேடல் பெட்டியான ஸ்பாட்லைட் திறக்கும். சரி, நிஜமான கண்ட்ரோல் விசையே வேண்டும் என்று, மேக்கில் அதற்கு க்யூட் வைத்திருக்கும் பெயரான 'மெட்டா' போட்டேன். கண்ட்ரோல்+ஸ்பேஸ் மேக்கில் உள்ளீட்டு மொழியை மாற்றுகிற விசை. ஆங்கிலம் மட்டும் தட்டுபவருக்கு அது உறைக்காது. தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றித் தட்டுகிற நம் ஆட்களுக்கு அது மூச்சு மாதிரி. கடைசியில் மேக்கின் எழுத்துப் பெட்டிகள் ஏற்கெனவே இதே வேலைக்கு வைத்திருக்கும் ஆப்ஷன்+எஸ்கேப்புக்குப் போனேன். அதை அப்படியே விண்டோஸுக்குக் கொண்டுவந்தால் ஆல்ட்+எஸ்கேப், அது ஜன்னல் தாவும். ஆகவே இந்த ஒரு கட்டளைக்கு இயங்குதளத்துக்கு ஒரு விசை, வேறு வழியில்லை.

விண்டோஸில் கண்ட்ரோல்+ஆல்ட்+எழுத்து என்ற சேர்க்கையைத் தொடவே தொடாதீர்கள். ஐரோப்பிய விசைப்பலகைகளில் வலப்பக்கம் இருக்கும் ஆல்ட்ஜிஆர் விசையை விண்டோஸ் கண்ட்ரோல்+ஆல்ட் என்றுதான் பார்க்கிறது. நான் மேற்கோள்குறி திருத்தத்துக்குக் கண்ட்ரோல்+ஆல்ட்+கியூ வைத்திருந்தேன். ஜெர்மனியில் இருக்கும் ஒரு தமிழர், உங்கள் எடிட்டரில் மின்னஞ்சல் முகவரியே தட்ட முடியவில்லை என்று எழுதினார். ஜெர்மன் விசைப்பலகையில் @ குறி ஆல்ட்ஜிஆர்+கியூ. அவர் @ தட்டும்போதெல்லாம் பக்கத்திலுள்ள மேற்கோள்கள் வளைந்து நெளிந்துகொண்டிருந்தன. விண்டோஸ் விசையும் லினக்ஸின் சூப்பர் விசையும் இயங்குதளத்தின் சொத்து, அவற்றையும் விட்டுவிடுங்கள்.

தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது

பிறகு உலாவியில் ஓடும் பதிப்பு ஒன்று செய்தோம். உபுண்டுவில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பை வைத்திருந்த ஆசிரியருக்குக் கண்ட்ரோல்+எஸ் வேலை செய்யவில்லை. ஆங்கிலத்துக்கு மாற்றினால் வேலை செய்கிறது. தமிழ்99-ல் எஸ் விசையில் இருப்பது 'இ'. உலாவி தருகிற விசை நிகழ்வில் 'கீ' என்ற பண்பு, விளைந்த எழுத்தைச் சொல்கிறது. அதில் 'இ' வருகிறது. என் நிரலோ எஸ் வருமென்று காத்துக்கொண்டிருந்தது. 'கோட்' என்ற இன்னொரு பண்பு, விசை பலகையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும். அதை மட்டும் நம்பினால் இவருக்குச் சரியாகும்; பிரெஞ்சுப் பலகையில் ஏ-யும் கியூ-வும் இடம் மாறியிருப்பதால் பாரிஸில் இருப்பவருக்கு உடையும். முதலில் 'கீ'யைப் பாருங்கள். வந்தது ஆங்கில எழுத்தானால் அதையே எடுங்கள். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறு மொழி எழுத்து வந்தால் மட்டும் 'கோட்'டுக்கு இறங்குங்கள். சதுர அடைப்புக்குறி, சாய்கோடு ஆகிய விசைகளை மறக்காதீர்கள்: தமிழ்99-ல் அங்கே ச, ஞ, ழ உட்கார்ந்திருக்கின்றன.

விண்டோஸ், லினக்ஸ் மெனுக்களில் ஆல்ட்டோடு அழுத்த ஓர் எழுத்துக்கு அடிக்கோடு போடுவோம்; நிரலில் அந்த எழுத்துக்கு முன் & குறி. தமிழாக்கிய நண்பர் 'கோப்பு' என்பதில் க-வுக்கும் ஓகாரக் குறிக்கும் நடுவே & வைத்துவிட்டார். ஒருங்குறியில் 'கோ' இரண்டு குறிகளின் சேர்க்கை என்பதால், க தனியாகவும் குறி புள்ளிவட்டத்தோடு தனியாகவும் தெறித்து நின்றன. சரியாக வைத்தாலும், தமிழ்ப் பலகை செயலில் இருந்தால்தான் ஆல்ட்+க வேலைக்கு ஆகும். ஜப்பானிய மெனுக்களில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்து போடுவார்கள். நானும் அதையே செய்தேன். மேக்கில் இந்த வழக்கமே கிடையாது, அங்கே அடைப்புக்குறி மிச்சம் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வைக்கும்போது 'சேமி'தான், 'சேமிக்கவும்' அல்ல. கட்டளையிடுபவர் மனிதர், கேட்பது கணினி. அதற்கு என்ன மரியாதைப் பன்மை? மூன்று புள்ளி, செயல் நடக்க இன்னும் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மட்டும்: 'வேறு பெயரில் சேமி…' என்பதில் உண்டு, 'பற்றி'யில் கிடையாது. மெனுவில் விசையைக் காட்டுவதை நூலகமே செய்யட்டும். விண்டோஸில் கூட்டல் குறியோடு எழுத்தில் வரும், மேக்கில் குறிகளாக வரும். நாலு மூலையும் சுருண்ட அந்தக் கமாண்ட் குறி, ஸ்வீடன் பக்கத்தில் பார்க்கத்தக்க இடங்களுக்குச் சாலையோரம் வைக்கும் பலகையில் இருப்பது. முதல் மேக்குக்காக அதன் ஐகான்களை வரைந்த சூசன் கேர் தேர்ந்தெடுத்தார்.

சோதனைக்கு மவுஸைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஒரு முழு அத்தியாயம் திருத்திப் பாருங்கள். மூன்று இயங்குதளத்திலும், தமிழ்ப் பலகை செயலில் இருக்கும்போதே.

விசைகளைப் பயனரே மாற்றிக்கொள்ள வழி வைத்தால், அந்தக் கோப்பில் கட்டளையின் பெயரோடு இயங்குதளத்தின் பெயரையும் சேர்த்துச் சேமியுங்கள். நான் சேர்க்கவில்லை. அக்கா தன் விண்டோஸ் அமைப்புகளைப் பென்டிரைவில் மேக்குக்கு எடுத்துப்போய் ஏற்றினார். எழுத்துப்பிழை பார்க்க எஃப்7 அழுத்தினார், முந்தைய பாட்டு ஓடியது.