ராத்திரி பத்து மணிக்கு வரும் கணக்கு

"அக்கா, இந்தக் கணக்கு வரல." கூடவே கோணலாக எடுத்த ஒரு போட்டோ, பாதி நிழல். காலையில் அசைன்மென்ட் வைக்க வேண்டும். வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கும் எனக்கு செமஸ்டர் சமயத்தில் தினம் இப்படி நாலைந்து வரும். பெரும்பாலும் பி.காம் முதலாண்டுப் பிள்ளைகள், பன்னிரண்டு வரை தமிழ் மீடியம்.

வினாத்தாள் போட்டோவை மட்டும் வைத்து யாரும் உருப்படியாக உதவ முடியாது. நீங்கள் போட்டுப் பார்த்த பக்கத்தை அனுப்புங்கள், அடித்தல் திருத்தலோடு.

ஒரு பையன் 4, 6, 8, 10, 12-க்குத் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) போட்டான். அவனுக்கு 2.83, விடைப் பக்கத்தில் 3.16. கூட்டலையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பக்கம் வந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. சராசரி 8, விலக்க வர்க்கங்களின் கூடுதல் 40, எல்லாம் சரி. 5-ஆல் வகுத்திருந்தான், பத்தாம் வகுப்பில் படித்தபடி. கேள்வியில் 'சாம்பிள்', அதாவது பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த சில எண்கள், என்று இருந்ததே! அப்படியென்றால் 4-ஆல் வகுக்க வேண்டும். மொத்தக் கூட்டத்தின் உண்மைச் சராசரி தெரியாமல், கையிலுள்ள ஐந்து எண்களின் சராசரியையே வைத்து அளக்கிறோம். அது அந்த ஐந்துக்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்துகொண்டு சிதறலைக் குறைத்துக் காட்டும். ஒன்று குறைத்து வகுப்பது அதை ஈடுகட்டத்தான்.

நிகழ்தகவில் பாதித் தொல்லை ஆங்கிலத்தால் வருகிறது. 'அட் லீஸ்ட்', 'கிவன் தட்', 'வித்அவுட் ரீப்ளேஸ்மென்ட்'. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எடுத்து எட்டாவது பாடத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதே கணக்குதான் இரண்டிலும் இருக்கும். அகராதியைவிட இது மேல். பிறகு கேள்வியை உங்கள் பேச்சுத் தமிழில் ஒருமுறை எழுதுங்கள்: "பையில் 5 சிவப்புப் பந்து, 3 நீலம். எடுத்ததைத் திரும்பப் போடாமல் ரெண்டு எடுக்கிறோம். குறைஞ்சது ஒண்ணாவது நீலமா இருக்கணும்."

இந்தக் கணக்கைக் கேட்ட பெண் எழுதியிருந்த செய்தி எனக்கு ரொம்பப் பிடித்தது: "15/28 வருதுக்கா, விடை 9/14. ஒரு சிவப்பு ஒரு நீலம்னு ரெண்டு வரிசையிலும் போட்டேன்." அவள் கேட்ட விதத்திலேயே தப்பு எங்கே என்று தெரிகிறது பாருங்கள். ரெண்டுமே நீலமாக வந்தாலும் சேர்த்தி என்பதை விட்டுவிட்டாள். அந்த 6/56-ஐக் கூட்டினால் தீர்ந்தது. இன்னும் சுலபம், நீலமே வராத வாய்ப்பை 1-லிருந்து கழிப்பது: 5/8 × 4/7 = 20/56, மிச்சம் 36/56.

செல்போன் செயலியிடம் கேட்பதென்றாலும் இதே மாதிரிதான், "அடுத்த ஒரு படி மட்டும் சொல்" என்று. முழு விடையைக் காப்பியடித்தால் இன்டர்னலில் அசடு வழிய வேண்டியிருக்கும்.

கேட்கக் கூச்சமா? 1654-இல் மெரே என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த சூதாட்டக் கணக்குக்காகக் கணித மேதை பாஸ்கலே இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவுக்குக் கடிதம் எழுதினார். இருவரும் வேறு வேறு வழியில் போட்டு ஒரே விடைக்கு வந்தார்கள். நிகழ்தகவுப் பாடமே அப்படி வளர்ந்ததுதான்.

உதவி கிடைத்ததும் எண்களை மாற்றி, தாளை மூடிவைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு 6 சிவப்பு, 4 நீலம் என்று மாற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலை ஏழரைக்கு, ஓடும் பஸ்ஸிலிருந்து ஒரு போட்டோ. எழுத்தெல்லாம் ஆடியிருந்தது. கடைசி வரியில் 2/3.